பெற்றோருக்கும் மாற்று ஆள் வேண்டும்: ரெஸ்பைட் கேர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் அதீதத் துறுதுறுப்பும்) போன்றவற்றோடு அடிப்பது, கடிப்பது, தலையை முட்டிக்கொள்வது, வீட்டை விட்டு ஓடுவது போன்ற நடத்தைகளும் சேர்ந்துகொண்டால் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக உட்கார முடியாது. அப்படிப்பட்ட பிள்ளைகளைச் சென்னையில் வளர்க்கும் பெற்றோர் சந்திக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்ளும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நானும் அப்படி ஒரு பிள்ளையின் அம்மாதான்.

ரெஸ்பைட் கேர் என்றால் என்ன?

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை, அவனுக்குப் பழக்கமான அல்லது பயிற்சி பெற்ற இன்னொருவர் கொஞ்ச நேரம் முழுதாக ஏற்றுக்கொள்வது. இரண்டு மணி நேரமாகவும் இருக்கலாம், இரண்டு நாளாகவும் இருக்கலாம். வீட்டிலேயே நடக்கலாம், ஒரு மையத்திலும் நடக்கலாம். 'முழுதாக' என்பதுதான் முக்கியம். பிள்ளை தெரபி அறைக்குள் இருக்கும்போது நாம் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறோமே, அது ஓய்வில் சேராது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டால் நாம்தான் முதலில் எழுந்திருப்போம்.

இங்கிலாந்தில் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இப்படிப்பட்ட குறுகிய ஓய்வுச் சேவைகளை உள்ளாட்சி அமைப்புகள் வழங்க வேண்டும் என்று 2011 முதல் விதிமுறையே இருக்கிறது. அமெரிக்காவில் 2006இல் இதற்காகத் தனிச் சட்டம் வந்தது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தன் 5வது பிரிவில், வீட்டிலும் தங்குமிடங்களிலும் சமூகத்திலும் கிடைக்கும் ஆதரவுச் சேவைகளை மாற்றுத்திறனாளிகள் பெற வழி செய்ய அரசு முயல வேண்டும் என்கிறது. ஆனால் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மதியம் உங்கள் வீட்டுக்கு யார் வருவார் என்பதை இன்றைக்கும் நாம்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பெற்ற பிள்ளையை இன்னொருவரிடம் விட்டுவிட்டு ஓய்வெடுப்பது தப்பில்லையா?

தப்பில்லை. இதைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட வேண்டும். இரவில் மூன்று மணி நேரம் மட்டுமே தூங்கியவர் மறுநாள் பிள்ளையின் கடியையும் உதையையும் பொறுமையாகத் தாங்குவது மிகக் கஷ்டம். குரல் உயரும், கை ஓங்கும். ஸ்பெஷல் எஜுகேட்டர் (சிறப்புக் கல்வி ஆசிரியர்) சொல்லிக் கொடுத்த முறைகளை ஒழுங்காகப் பின்பற்றவே உடம்பில் தெம்பு வேண்டும். உங்கள் ஓய்வையும் பிள்ளையின் சிகிச்சையில் ஒரு பகுதியாக வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் கையால் மட்டுமே சாப்பிடுவேன், உங்கள் பக்கத்தில் மட்டுமே தூங்குவேன் என்று பழகிவிட்ட பிள்ளை, நீங்கள் ஒரு அறுவை சிகிச்சைக்குப் போய்ப் படுத்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழக்கிறான். இன்னும் இரண்டு மூன்று பேரிடம் பழகுவது அவனுக்குத்தான் பாதுகாப்பு.

"நாங்கள்லாம் அஞ்சு பிள்ளைய வளர்க்கலையா" என்று சொந்தத்தில் யாராவது சொல்வார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லி மாளாது. அடுத்த சனிக்கிழமை காலை வந்து இரண்டு மணி நேரம் கூட இருங்கள் என்று மட்டும் கூப்பிடுங்கள். வருபவர்களில் சிலர் உண்மையிலேயே உதவிக்கு நின்றுவிடுகிறார்கள்.

எந்த நிலையில் ஓய்வு அவசரம்?

பிள்ளையை அடித்துவிடுவோமோ என்று பயம் வருவது, காரணமில்லாமல் அழுகை வருவது, "இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை" என்று ஒரு தடவையாவது நினைப்பு ஓடுவது. கடைசியாகச் சொன்னது வந்தால் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். பிள்ளைக்காக மட்டுமல்லாமல் உங்களுக்காகவும் அங்கே பேசலாம்.

ஆனால் இந்த நிலை வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதுதான் என் கெஞ்சல். விழுந்த பிறகு ஆள் தேடினால் முன்பின் தெரியாத ஒருவரிடம் பதற்றத்தோடு பிள்ளையை ஒப்படைக்க நேரும். நன்றாக இருக்கும்போதே வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று சின்னதாகத் தொடங்குங்கள்.

சென்னையில் எங்கே தேடுவது?

'ரெஸ்பைட் கேர்' என்று பலகை மாட்டிய இடத்தை மட்டும் தேடினால் ஏமாற்றமாக இருக்கும். வேறு பெயர்களில் இருப்பதைத் தேட வேண்டும்.

முதலில் பிள்ளை படிக்கும் சிறப்புப் பள்ளியிலேயே கேளுங்கள். மாலை நேர டே கேர், சனிக்கிழமை வகுப்பு, விடுமுறை முகாம் எதுவானாலும் சரி. அவனை ஏற்கெனவே தெரிந்தவர்கள், அவன் ஏற்கெனவே போய்வரும் இடம். இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

அடுத்தது முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம். 2005இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் இது. மதிப்பீடும் தெரபியும் ஒரு பக்கம் நடக்க, இன்னொரு பக்கம் சிறப்புக் கல்வி ஆசிரியர்களையும் பயிற்றுவிக்கிறார்கள். கோட்டூர்புரத்தில் 1985 முதல் இயங்கும் வித்யா சாகரிலும் பெற்றோருக்கு வழிகாட்ட அனுபவமுள்ளவர்கள் இருக்கிறார்கள். இந்த மாதிரி இடங்களில் நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான்: "இங்கே படிக்கிறவர்களில், படித்து முடித்தவர்களில், வார இறுதியில் வீட்டுக்கு வரக்கூடியவர் யாராவது உண்டா?" சமூகப்பணிக் கல்லூரி மாணவர்களிடமும் இதையே கேட்கலாம்.

தமிழக அரசின் உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வந்திருக்கின்றன. பல வகைத் தெரபியும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பதால் நான்கு இடத்துக்கு ஆட்டோ பிடித்து அலையும் நேரம் மிச்சமாகும். அந்த நேரமும் ஓய்வில் சேர்த்திதான்.

தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் (1999) கீழ் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் திட்டங்கள் உண்டு. 'விகாஸ்' என்பது பகல்நேரப் பராமரிப்புக்கானது. 'சமர்த்' என்பது தங்கும் பராமரிப்புக்கானது. ஆதரவற்றவர்கள், நெருக்கடியில் உள்ள குடும்பங்கள், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்கள் ஆகியோரை மனதில் வைத்து உருவாக்கிய திட்டம் அது. உங்களுக்கு அருகில் இவற்றை நடத்தும் பதிவுபெற்ற அமைப்பு எது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த வழி. ஒரே பகுதியில் இருக்கும் மூன்று நான்கு குடும்பங்கள், சீட்டுப் பிடிப்பது போல முறை வைத்துக்கொள்வது. இந்த ஞாயிறு உங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள், அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டில். இரண்டு பெரியவர்கள் எப்போதும் இருக்க வேண்டும். ஒருவரையொருவர் கண்டாலே ஆகாத பிள்ளைகளைச் சேர்த்து வைக்கக் கூடாது. பணம் செலவாகாது. அதைவிட, "உன் பிள்ளை என்னைக் கடித்துவிட்டான்" என்று சொன்னால் பதறாத ஆட்கள் இவர்கள்தான்.

வீட்டுக்கு வரும் ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பட்டம் இருந்தால் நல்லது. ஸ்பெஷல் எஜுகேட்டர், ஸ்பீச் தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். ஆனால் படிப்பில்லாத, நிதானமான ஒரு அக்கா, படித்த படபடப்புக்காரரைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். பேசும்போது ஒரு சூழலைச் சொல்லிப் பதிலைக் கேளுங்கள்: "அவன் தட்டைத் தூக்கி எறிகிறான், என்ன செய்வீர்கள்?" "நாலு போட்டால் சரியாகிவிடும்" என்று வந்தால் அங்கேயே நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். "ஏன் எறிந்தான்?" என்று திருப்பிக் கேட்பவர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆதார் நகல், முன்பு வேலை செய்த வீட்டாரின் தொலைபேசி எண், மணிக்கு எவ்வளவு என்ற பேச்சு எல்லாம் முதலிலேயே முடியட்டும். பேச்சு வராத பிள்ளைகள் தங்களுக்கு நடந்ததைச் சொல்ல முடியாது. அதனால் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, கழிப்பறை இவற்றையெல்லாம் யார் செய்வது, கதவு எப்படி இருக்க வேண்டும் என்று தெளிவாகப் பேசுங்கள். அவ்வப்போது சொல்லாமல் சீக்கிரம் திரும்பி வாருங்கள். அந்த நபர் வருகிறார் என்றாலே பிள்ளை ஒடுங்குகிறான், தூக்கம் கெடுகிறது, படுக்கையில் சிறுநீர் போகிறான் என்றால் காரணம் தெரியும்வரை நிறுத்திவையுங்கள். குழந்தைக்குத் துன்பம் நேர்ந்ததாகச் சந்தேகம் வந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

முதல் நாளே கிளம்பிவிடாதீர்கள். முதலில் நீங்கள் அதே அறையில். அப்புறம் சமையலறையில். அப்புறம் தெருமுனைக் கடை வரை. அதன் பிறகுதான் இரண்டு மணி நேரம். சில பிள்ளைகளுக்கு இந்தப் படிகளைக் கடக்க வாரங்கள் ஆகும், ஆகட்டும்.

அவரிடம் என்னென்ன எழுதிக் கொடுக்க வேண்டும்?

இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். ஒரே தாள், இரண்டு பக்கம், பெரிய எழுத்து. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள்.

நடத்தைச் சிக்கலுக்குப் பெரும்பாலும் நான்கில் ஒரு காரணம் இருக்கும் என்பார்கள் நிபுணர்கள்: கவனம் வேண்டும், ஏதோ ஒரு பொருள் வேண்டும், பிடிக்காத ஒன்றிலிருந்து தப்ப வேண்டும், அல்லது உடம்புக்கு அந்த உணர்வே தேவைப்படுகிறது. உங்கள் பிள்ளைக்கு எது என்று கண்டுபிடிக்க, நடப்பதற்கு முன் என்ன, நடந்தது என்ன, அதன் பிறகு என்ன என்று மூன்று கட்டம் போட்டு இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். அந்தக் குறிப்பிலிருந்துதான் இந்தத் தாள் பிறக்கும்.

எது அவனைத் தூண்டும் என்று குறிப்பாக எழுத வேண்டும். "சத்தம் பிடிக்காது" என்றால் வருபவருக்கு ஒன்றும் புரியாது. "மிக்ஸி போடும் முன் சொல்லிவிட்டுப் போட வேண்டும். குக்கர் விசில் வரும்போது ஹாலில் இருக்கட்டும். லிஃப்டில் வேறு ஆட்கள் இருந்தால் அடுத்ததற்குக் காத்திருக்கவும்" என்று எழுதுங்கள். பிறகு, கோபம் ஏறுவதற்கு முன் வரும் அறிகுறி. சிலருக்குக் காதை மூடுவது, சிலருக்கு ஒரே வார்த்தையைத் திரும்பச் சொல்வது, சிலர் வேகமாக நடப்பார்கள். அந்தக் கட்டத்தில் என்ன செய்தால் தணியும், என்ன செய்யவே கூடாது என்பது அடுத்து. எங்கள் வீட்டுத் தாளில் தடித்த எழுத்தில் இருப்பது: "வெடிக்கும்போது பேச வேண்டாம். கேள்வி கேட்க வேண்டாம். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். இரண்டடி தள்ளி நின்று, கூர்மையான பொருளை மட்டும் அப்புறப்படுத்தவும்."

மருந்தின் பெயர், அளவு, நேரம் தனிக் கட்டத்தில். வலிப்பு வரும் பிள்ளை என்றால் இதையும் எழுதுங்கள்: ஒருக்களித்துப் படுக்க வைக்கவும், வாயில் எதையும் வைக்க வேண்டாம், நேரம் பார்க்கவும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழைக்கவும். கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கத்தால் எந்தப் பயனும் இல்லை என்பதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டியிருக்கிறது. நல்ல மனசோடு அதைச் செய்ய ஓடுபவர்கள் நம் ஊரில் அதிகம்.

கடைசியில் அவனுக்குப் பிடித்தவை. இதை விட்டுவிடாதீர்கள். பேருந்து எண்களைச் சொன்னால் சிரிப்பான், தயிர்சாதத்தில் மாதுளை போட்டால் முழுதும் சாப்பிடுவான் என்று எழுதியிருந்தால், வருபவர் அவனை ஒரு பிள்ளையாகப் பார்ப்பார்.

தாத்தா பாட்டியிடம் விடலாமா?

அன்பு இருக்கும், ஆனால் உடம்பில் வலு இருக்காது. பதின்மூன்று வயதுப் பிள்ளை தள்ளினால் எழுபது வயதுப் பாட்டியின் இடுப்பெலும்பு முறிந்துவிடும். கதை, சாப்பாடு, மாலை நடை இவற்றுக்கு அவர்கள் துணை போதும். தனியாக முழுப் பொறுப்பு வேண்டாம்.

அப்பா பார்த்துக்கொண்டால் அது ரெஸ்பைட் ஆகுமா?

அது பெற்றோரின் பங்கு. ஆனால் வாரத்தில் ஒரு பகல் முழுக்க அப்பாவே தனியாக, போனில் கேட்காமல் பார்த்துக்கொள்கிறார் என்றால் அம்மாவுக்கு மூச்சு வரும். அப்பாவுக்கும் ஓய்வு வேண்டும் என்பதை யாரும் பேசுவதில்லை. பத்து மணி நேர வேலைக்குப் பிறகு வீட்டுக்குள் நுழையப் பயந்து வண்டியிலேயே உட்கார்ந்திருக்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள்.

சில நாட்கள் ஹோமில் (காப்பகத்தில்) தங்கவைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் நேரில் போய்ப் பார்க்காமல் வைக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகி இறந்ததை நம் மாநிலம் மறக்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் இல்லாமல் இப்படிப்பட்ட நிறுவனத்தை நடத்த முடியாது. அதைக் காட்டச் சொல்லுங்கள். இரவில் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், பிள்ளை வெடித்தால் என்ன செய்கிறார்கள், கட்டிப்போடுவதோ அறையில் பூட்டுவதோ உண்டா, எந்த நேரமும் பெற்றோர் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். வரவேற்பறையை மட்டும் காட்டினால் போதாது. கழிப்பறையையும் படுக்கும் இடத்தையும் பாருங்கள், சாப்பாட்டு நேரத்தில் போங்கள். "முதல் ஒரு மாதம் பார்க்க வராதீங்க, அப்பதான் பழகுவான்" என்று சொல்லும் இடத்தில் விட வேண்டாம்.

முதலில் ஒரு பகல், பிறகு ஒரே ஒரு இரவு என்று பழக்குங்கள். அவனுடைய போர்வையும் தலையணையும் கூடப் போகட்டும்.

மனநல மருத்துவமனையில் சேர்த்தால் எனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்குமா?

கிடைக்காது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவரைச் சேர்த்தால், பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் துணையாளோ சிகிச்சை முடியும்வரை கூடவே இருக்க வேண்டும். பிள்ளையின் நலனுக்காக வைத்த விதி, சரியான விதி. தனக்கோ பிறருக்கோ ஆபத்து வரும் அளவுக்குப் போனால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் சிகிச்சைக்காகப் போங்கள்.

நடத்தை திடீரென்று மோசமானால் முதலில் உடம்பைப் பாருங்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், வயதுக்கு வந்த பெண் பிள்ளை என்றால் மாதவிடாய் வலி. சொல்லத் தெரியாத வலிதான் பல நேரம் கடியாகவும் அடியாகவும் வருகிறது.

நாங்கள் வெளியே போகும்போது மருந்து கொடுத்துத் தூங்கவைக்கலாமா?

கூடாது. சளி மருந்து கொடுத்தால் தூங்குவான் என்று யாராவது சொல்வார்கள். சில பிள்ளைகளுக்கு அதே மருந்து படபடப்பைக் கூட்டிவிடும். நடத்தைச் சிக்கலுக்குத் தரும் ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் போன்ற மருந்துகள் மருத்துவர் சொல்லி, எடையையும் பசியையும் கண்காணித்துத் தர வேண்டியவை. நம் வசதிக்காகக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

அரசு உதவி என்ன கிடைக்கும்?

எல்லாவற்றுக்கும் அடிப்படை, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை. பெரும்பாலான சலுகைகளுக்குப் பாதிப்பு 40 விழுக்காடாவது இருக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, சேரும்போது மருத்துவப் பரிசோதனை கிடையாது, தெரபிச் செலவும் ஓரளவுக்கு அடங்கும். மாநகரச் சாதாரணப் பேருந்துகளில் பிள்ளையும் துணையாளும் இலவசமாகப் போகலாம்.

அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவது பற்றி 2016 சட்டத்தின் 24வது பிரிவு சொல்கிறது. மனு கொடுக்கும்போது பிரிவைக் குறிப்பிட்டே எழுதுங்கள். தனித்தனியாகக் கேட்பதைவிடப் பெற்றோர் சேர்ந்து கேட்டால் நல்லது. இந்த விஷயத்தில் நாம் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கோடை விடுமுறையை எப்படிச் சமாளிப்பது?

ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடுகிறது, கத்திரி வெயில், அவ்வப்போது மின்வெட்டு, வெளியே போக முடியாது. வருடத்தின் மிகக் கடினமான வாரங்கள் இவை. பிப்ரவரியிலேயே முகாம்களைக் கேட்டு வையுங்கள், வீட்டுக்கு வருபவரின் நேரத்தையும் பேசி வையுங்கள். மழைக்கால விடுமுறை காலையில்தான் அறிவிப்பாக வரும் என்பதால் அதற்கும் ஒருவரை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. தீபாவளிக்கு வெடிச்சத்தம் தாங்காத பிள்ளைகளை அந்த இரண்டு நாள் அமைதியான வேறு ஊருக்கு அழைத்துப் போகிறவர்கள் உண்டு.

கிடைத்த நேரத்தில் என்ன செய்வது?

தூங்குங்கள். பாத்திரம் கிடக்கட்டும். அதற்கு அடுத்ததாக, இன்னொரு பிள்ளை இருந்தால் அவளோடு மட்டும் வெளியே போங்கள். அண்ணன் எப்போது கத்துவானோ என்று பார்த்துப் பார்த்தே வளர்கிறாள் அவள். அவளுடைய பேச்சை முழுதாகக் கேட்க ஒரு மணி நேரம் வேண்டும்.

நான் திரும்பி வந்ததும் முன்பைவிட அதிகமாக அடம் பிடிக்கிறான். நிறுத்திவிடலாமா?

முதல் சில தடவை அப்படித்தான் இருக்கும். வழக்கம் மாறியதை அவன் சொல்லும் விதம் அது. எப்போதும் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே ஆள் என்று வையுங்கள். காலண்டரில் அந்த நாளில் அவருடைய படத்தை ஒட்டிக் காட்டுங்கள். கிளம்பும்போது ஒளிந்து போகாமல் டாட்டா சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்குத் திரும்புங்கள். வந்தவுடன் "என்ன செய்தான்?" என்று அவன் எதிரிலேயே விசாரணை நடத்த வேண்டாம். இப்படி ஒன்றரை இரண்டு மாதம் தொடர்ந்தும் சாப்பாடும் தூக்கமும் சீராகவில்லை என்றால், நேரத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், அல்லது ஆளை மாற்றிப் பாருங்கள். ஏற்பாட்டை மட்டும் கைவிட வேண்டாம்.